மூன்று மொழிக்கும் ஒரே அளவு

அப்பாவின் வலது கண்ணிலிருந்து கட்டை அவிழ்த்த மறுநாள் காலை, வெள்ளவத்தையில் சித்தி வீட்டு மொட்டை மாடியில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி: "பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கிக்குப் புதுசா பெயின்ற் அடிச்சவங்களோ?"

யாரும் அடிக்கவில்லை. முந்தின கிழமை பார்த்த அதே நீலத் தாங்கிதான். அப்பாவின் கண்தான் மாறியிருந்தது. புரை முற்றும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு தேத்தண்ணிச் சாயம் போலப் பழுப்பாகிவிடும். அது நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். வருடக்கணக்காக நடப்பதால் பார்ப்பவருக்கே தெரியாது. அந்த வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைத்ததும் தடுக்கப்பட்டிருந்த நீலமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வருகிறது. 1923இல் ஓவியர் மோனேக்கும் வலது கண்ணில்தான் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நிறங்களோடு அவர் பட்ட பாட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு மோனேயைத் தெரியாது. ஆனால் நிறம் தெரியும். நாற்பது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் பெயர்ப்பலகை எழுதியவர் அவர். கடை, பாடசாலை, மீன்பிடி வள்ளம், கல்யாண மண்டபம், லொறியின் பின்பக்கம் என்று அவருடைய எழுத்து ஏறாத இடம் எங்கள் ஊரில் குறைவு.

மறுபடி கண்ணைக் காட்ட ஐந்து நாள் இருந்தது. தூசு படக்கூடாது, குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குந்தியிருந்தவர் மூன்றாம் நாள் பொறுமை இழந்துவிட்டார். எனக்கோ கொழும்பில் போக வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்த ஓர் இடம் இருந்தது. நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். எம்.எம்.சி.ஏ. என்று சொல்வார்கள். 2019 டிசம்பரில் தொடங்கியது. ஷர்மினி பெரேரா என்ற காட்சிப் பொறுப்பாளரின் முன்னெடுப்பில் வந்த இடம். அவர்களுடைய முதல் காட்சியின் பெயரே கவிஞர் சேரனின் கவிதை வரி ஒன்றிலிருந்து எடுத்தது என்று படித்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. கொழும்பில் ஒரு தேசியக் கனவோடு ஓர் இடம் திறக்கிறார்கள், அதன் வாசலில் ஒரு தமிழ்க் கவிஞனின் சொல் நிற்கிறது. போகத்தான் வேண்டும் என்று அன்று நினைத்தேன். பிறகு கொரோனா வந்தது, பெற்றோல் வரிசை வந்தது, போகக் கிடைக்கவில்லை. இடையில் அவர்களும் கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் கடைத்தொகுதிக்கு இடம் மாறிவிட்டார்கள்.

"நூதனசாலைக்குப் போவமா அப்பா?"

"கறுவாத்தோட்டத்தில இருக்கிறதோ? சிம்மாசனம் பாத்தாச்சே பிள்ளை."

"அது இல்லை. இது இப்ப கீறிற ஆக்களின்ர படங்கள்."

"இப்ப கீறிற ஆக்களுக்கு நூதனசாலையோ?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்கு நூதனசாலை என்றால் செத்துப்போன அரசர்களின் சாமான்.

காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினோம். கடைத்தொகுதியின் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் அப்பா கொஞ்சம் பின்வாங்கினார். காவலாளியைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "டிக்கற் எவ்வளவு?" என்று கேட்டார். இலவசம் என்றேன். அவர் நம்பவில்லை. குளிரூட்டிய இடத்தில் சும்மா விடுகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ விற்கப்போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. ஓர் அருங்காட்சியகம் கடைகளுக்கு நடுவே இருப்பது சரியா என்று எனக்கும் யோசனை இருந்தது. இப்போது நல்லது என்றுதான் நினைக்கிறேன். தனி மாளிகையாக, பெரிய படிகளோடு இருந்திருந்தால் அப்பா படி ஏறியிருக்கமாட்டார். கடை என்றால் ஆராவது போகலாம் என்ற தைரியத்தில்தான் வந்தார்.

உள்ளே போனதும் நான் படங்களைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

சுவரில் காட்சியைப் பற்றிய அறிமுகம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குக் கிட்டப் போனார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, சுவரைத் தொடாமல், காற்றிலேயே தமிழ் எழுத்தின் உயரத்தை அளந்தார். அந்த இடைவெளியைக் குலைக்காமல் கையை நகர்த்திச் சிங்கள எழுத்தின் முன்னால் பிடித்தார். பிறகு ஆங்கிலம். மறுபடி தமிழ்.

"ஒரே அளவு" என்றார்.

இந்த இரண்டு சொல்லின் பாரம் புரிய அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று மொழிப் பலகை எழுதுகிறவனுக்குத் தமிழ்தான் சிக்கலான எழுத்து. ஆங்கிலம் நிமிர்ந்து நிற்கும், இடம் குறைவாக எடுக்கும். சிங்களம் உருண்டு திரண்டு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். தமிழ் படுத்துக்கொள்ளும். 'வைத்தியசாலை' என்று எழுதிப் பாருங்கள், பலகையின் இந்த மூலையில் தொடங்கினால் அந்த மூலை வரை போகும். ஐகாரம் இரண்டு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எழுத்தைச் சிறிதாக்கினால்தான் அடங்கும். அதனால் ஓடர் கொடுப்பவர்கள், முக்கியமாக அலுவலகக்காரர்கள், கோடு கீறித் தரும்போதே தமிழுக்கு ஒடுங்கிய வரியை விட்டுத்தான் தருவார்கள். அப்பா நூலில் சோக் பூசி, இரண்டு முனையிலும் பிடித்து, நடுவில் இழுத்து அடித்து, அவர்கள் தந்த கோட்டை அழித்துவிட்டுத் தன் கோட்டைப் போடுவார். பலகையை அரை அடி கூட்டச் சொல்லி வாதாடுவார். கூடுதல் பலகைக்குக் காசு தரமாட்டோம் என்றால் தன் செலவில் கூட்டியிருக்கிறார். அம்மா இதற்காக அவரைப் பலமுறை ஏசியிருக்கிறா. அப்போது எனக்கும் அம்மா சொல்வதுதான் சரி என்று பட்டது.

அவருக்குத் தொழில் பழக்கியவர் அறுபதுகளுக்கு முன்பே கொழும்பில் வேலை செய்தவர். அந்த மாஸ்ரர் சொன்ன கதையை அப்பா எங்களுக்குப் பலதடவை சொல்லியிருக்கிறார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'சிறீ' எழுத்து வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். மாஸ்ரர் தன் கையால் எழுதிய ஒரு கடைப் பலகையில், சிங்களமும் ஆங்கிலமும் பளபளவென்று இருக்க, நடுவில் தமிழ் இருந்த இடம் மட்டும் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். "ஆக்கள் அடிவாங்கினதை விட எழுத்து அடிவாங்கினதுதான் அவருக்கு முதல் ஞாபகம் வரும்" என்பார் அப்பா. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் வந்தது 1987இல். அதற்கு அடுத்த வருடங்களில்தான் அப்பாவுக்கு மூன்று மொழி ஓடர்கள் நிறைய வந்தன. சட்டம் வந்த பிறகும் அந்த ஒடுங்கிய வரி மட்டும் அகலவில்லை.

இன்றைக்குப் பலகை எழுத ஆளே வேண்டாம். கணினியில் தட்டி, அச்சடித்து, சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தால் முடிந்தது. அதில் வரும் தமிழைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையில் 'தா' போய் 'நா' வந்து நின்ற கதையை யார் கேட்கவில்லை? சிலர் படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள். அப்பா அதைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. ஓர் எழுத்தைப் பிழையாகப் போட்டால் பலகையைச் சுரண்டி முதலிலிருந்து எழுதிய மனிதர் அவர்.

அதனால்தான் அந்தச் சுவரின் முன்னால் கால்மணி நேரம் நின்றார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, முழுவதையும் வாசித்தார். பிழை தேடித்தான் வாசித்தார் என்று எனக்குத் தெரியும். முடித்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கிறாங்கள்" என்றார். பிறகு தலையைச் சரித்து எழுத்தின் விளிம்பைப் பார்த்து, "கையால எழுதினதில்லை. வெட்டி ஒட்டினது. ஆனா ஒட்டினவன் மட்டம் பாத்து ஒட்டியிருக்கிறான்" என்றார்.

அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை வந்து தமிழில் பேசினா. "ஐயா, ஏதும் விளக்கம் வேணுமெண்டால் கேளுங்கோ." அப்பா உடனே கேட்டார். சுவரில் இருந்த ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இந்த வசனம் மூண்டுதரம் வாசிச்சும் விளங்கேல்லை" என்றார். இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். கலையைப் பற்றி நாங்கள் எழுதும் தமிழ் கடினமாகத்தான் இருக்கிறது. கதையாடல், வெளி, கையகப்படுத்தல், பிரதி என்று எங்களுக்குள்ளேயே பழகிய சொற்களை அடுக்கிவிடுகிறோம். எழுத்து ஒரே அளவில் இருந்தாலும், வாசிக்கிறவர் உள்ளே வர வாசல் ஒடுங்கியதாகவே இருந்துவிடலாம். நல்லவேளை, அந்தப் பிள்ளை தயங்காமல் சொன்னா: "ஒரு இடத்தை ஆர் பாக்கிறாங்க எண்டதைப் பொறுத்து அந்த இடம் வேற வேற மாதிரி இருக்கும், அதைத்தான் ஐயா சொல்லியிருக்கு." அப்பா தலையாட்டினார். "இதை இப்பிடியே எழுதியிருக்கலாமே."

அந்தக் காட்சியில் இருந்த எல்லாவற்றையும் நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பவை, நீங்கள் போகும்போது வேறொன்று இருக்கும். எனக்குப் பிடித்தவையும் இருந்தன, முன்னால் நின்றும் ஒன்றும் ஓடாதவையும் இருந்தன. காணொளி ஒன்றை நான் பாதியில் விட்டுவிட்டேன், அப்பா கதிரை இருந்ததால் முழுவதும் பார்த்தார். பிறகு ஒரு நிலக்காட்சிக்கு முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்தினார், திறந்தார், மற்றதைப் பொத்தினார்.

"பிள்ளை, இதில வானம் என்ன நிறம்?"

"நீலம்."

"இடது கண்ணுக்குச் சாம்பல். சகதித் தண்ணி மாதிரி." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் கடைசி ஐஞ்சாறு வருசம் எழுதின போர்ட்டுகளில நீலம் எப்பிடி இருந்திருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நீலம் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், வயதாகிவிட்டதால் அடர்ந்த நிறம் பிடிக்கிறது என்று நினைத்தோம். தன் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை அவர் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு படைப்பைப் பார்த்தபோது அவருக்கு யுத்தகாலம் ஞாபகம் வந்தது. என்ன படைப்பு என்பது முக்கியமில்லை, அதில் ஒரு வீதி இருந்தது, வீதியில் தடை இருந்தது. "நான் பீப்பாயில எழுதியிருக்கிறன் தெரியுமோ?" என்றார். எனக்குத் தெரியாது. ஊருக்குள் வரும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில், தார் பீப்பாய்களை வரிசையாக வைத்து, அவரைக் கூப்பிட்டு 'நில்' என்று மூன்று மொழியிலும் எழுதச் சொன்னார்களாம். காசு கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. வளைந்த தகரத்தில் எழுதுவது கஷ்டம், பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது எழுத்து ஒடுங்கிவிடும், அதனால் ஓரத்து எழுத்துகளை அகட்டி எழுத வேண்டும். பயத்தில் கை நடுங்கியதாம், ஆனாலும் அகட்டித்தான் எழுதினாராம். "அடுத்த நாள் அதே இடத்தில என்னையே நிப்பாட்டினாங்கள். நான் எழுதின எழுத்துக்கு முன்னால நான் நிண்டன்."

நான் கொழும்பில் படித்த காலத்தில் சந்திரகுப்த தேனுவர என்ற சிங்களக் கலைஞரின் வேலைகளைப் பார்த்திருக்கிறேன். 1997இல் இந்தச் சாவடிப் பீப்பாய்களையே எடுத்து, இராணுவ உடுப்பின் பச்சைத் திட்டுகளைப் பூசி, காட்சியாக வைத்தவர் அவர். பீப்பாயிசம் என்று அதற்குப் பெயர் வைத்தார். யுத்தம் எப்படி ஒரு நகரத்தின் தளபாடமாகிவிடுகிறது என்று காட்டினார். 1983இல் தமிழர்கள் தாக்கப்பட்ட கறுப்பு ஜூலையை மறக்கக்கூடாது என்று வருடா வருடம் ஜூலை 23 அன்று காட்சி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டவர். இதை அப்பாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அவர் பீப்பாயைக் கொண்டுபோய் உள்ளுக்கு வச்சது நல்லது" என்றார். "வெளியில எண்டா ஆரும் நிண்டு பாக்கமாட்டினம். ஓடித்தான் போவினம்." சமகாலக் கலை எதற்கு என்று நான் வாசித்த விளக்கங்களில் இவ்வளவு நேராகச் சொன்னது வேறில்லை.

அடுத்த நாள் அப்பாவே வெளிக்கிட்டு நின்றார். "வேற இடம் இருக்கோ?"

இருந்தது. கறுவாத்தோட்டம். கொழும்பு 7 என்றால் பெரிய வீடுகளும் தூதரகங்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். கொழும்பின் படக்கூடங்கள் பலவும் அந்த மரநிழல் வீதிகளில்தான் இருக்கின்றன. ஓட்டோ பிடித்து ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் இறங்கினோம். தாமரைத் தடாக அரங்கின் பக்கம், நடைபாதை வேலியில் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். 1993 முதல் 'கலா பொல' என்ற ஓவியச் சந்தை நடந்துவருவதும் இந்த வீதியில்தான். யானை, பெரஹரா, மழையில் குடை பிடித்த பெண்கள் என்று ஒரே படங்கள் திரும்பத் திரும்ப வரும். படித்தவர்கள் இவற்றைச் சுற்றுலாப் படம் என்று தள்ளிவிடுவார்கள். அப்பா தள்ளவில்லை. ஒரு படத்தில் ஈரவீதியில் வெளிச்சம் விழுந்த இடத்தைக் காட்டி, கத்தியால் வைத்ததா பிரஷ்ஷால் வைத்ததா என்று அந்த ஓவியரிடம் கேட்டார். அப்பாவின் சிங்களம் மோசம். சிங்கள எழுத்தை அச்சுப்போல எழுதுவார், பேசச் சொன்னால் தடுமாறுவார். ஆனால் இரண்டு பேரும் கையாலேயே அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள். எண்ணெயில் எவ்வளவு ரெர்ப்பன்ரைன் விடுவது, மழைக்காலத்தில் காய எத்தனை நாள், எந்தக் கடையில் வாங்கினால் பிரஷ் மயிர் கொட்டாது.

நான் வீதியின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கண்டி மலைநாட்டில் சித்திரம் கீறுகிறவர்கள், கொல்லர்கள், தச்சர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1908இல் பெரிய நூலொன்று வெளியிட்டவர். 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தார். கலைஞன் ஒரு சாதி, கைவினைஞன் வேறு சாதி என்ற பிரிவினையை வாழ்நாள் முழுவதும் மறுத்து எழுதியவர். அவர் பெயரைத் தாங்கிய வீதியின் ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை ஓவியரும் நடைபாதை ஓவியரும் ரெர்ப்பன்ரைன் பற்றிப் பேசுவதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருக்கும்.

அங்கிருந்து பான்ஸ் பிளேஸில் சபுமல் மன்றத்துக்குப் போனோம். ஹரி பீரிஸ் என்ற ஓவியரின் வீடு அது. 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலியோர் சேர்ந்து தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் கூட்டத்தின் படங்கள் அந்த வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. ஆனால் அன்று பூட்டியிருந்தது. வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள், நான் விசாரிக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்று ஓட்டுக் கூரையையும் மரங்களையும் எட்டிப் பார்த்தார். "வீட்டையே விட்டிட்டுப் போயிருக்கிறார் என்ன" என்றார்.

கண்ணைக் காட்டிய அன்றிரவே ரயில் ஏறினோம். பஸ்ஸென்றால் குலுக்கல். விடியும்போது கந்தளாய் தாண்டிவிட்டது. தம்பலகாமத்து வயல் வந்ததும் அப்பா ஜன்னலோரம் நகர்ந்தார். சீனக்குடாவில் துறைமுகத் தண்ணீர் தெரியத் தொடங்கியதும் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ரயில் நிற்கும்வரை அப்படியே இருந்தார்.

எங்கள் ஊரில் அருங்காட்சியகம் இல்லாமல் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் வீட்டைத் திருத்தி 2013இல் கடல்சார் அருங்காட்சியகம் திறந்தார்கள், நல்ல கட்டடம். பீரங்கிகள், நங்கூரங்கள், கப்பல்களின் கதைகள் எங்களிடம் தாராளமாக இருக்கின்றன. இந்தத் துறைமுகத்துக்கு யார் யார் வந்து சண்டை பிடித்தார்கள் என்று ஒரு பாடசாலைப் பிள்ளையால் சொல்ல முடியும். இங்கேயே இருந்து கீறியவர்கள், எழுதியவர்கள், காளி கோயில் கோபுரத்துப் பொம்மைகளுக்குக் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கண் திறந்தவர்கள், வள்ளத்தின் அணியத்தில் பெயர் போட்டவர்கள் யாரென்று கேட்டால் சொல்ல ஓரிடம் இல்லை. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே படித்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகள் படங்களைத் தொங்கவிட ஊரில் ஒரு சுவர் தேடுகிறார்கள். பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு பழைய கடை போதும். சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், மூன்று மொழியும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதில் தமிழும் சிங்களமும் அப்பா போன்றவர் ஒரே வாசிப்பில் விளங்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இதை நான் ஆசையாகச் சொல்கிறேன், ஊரில் யாராவது வாசித்தால் என்னோடு பேசுங்கள்.

அதற்கிடையில் என்னால் முடிந்த ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். ஊரில் கையால் எழுதிய பலகைகள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடிப் படம் எடுக்கிறேன். இதுவரை பதினாறு கிடைத்திருக்கின்றன. ஒன்பது அப்பாவுடையவை. ஒரு தையல் கடைப் பலகையில் அந்த அடர்ந்த நீலம் இருந்தது. அப்பாவிடம் படத்தைக் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுக் காட்டினேன். போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, வலது கண்ணால் பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. நீலத்தைத் திருத்த வேணும். கடைக்காரனைக் கேட்டுப் பார், நான் காசு வாங்கமாட்டன்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கலண்டரைப் பார்த்தார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் எடுக்க வேண்டும். "அந்தப் பூட்டியிருந்த வீடு என்னென்ன நாளில திறக்கிறது எண்டு முதல் கேள். அதுக்கேத்த மாதிரிக் கண்ணுக்கு நாள் எடுப்பம்."